பூ விட்ட நாற்று

வறுத்த கொத்தமல்லி முளைத்த வீடு உலகத்திலேயே ஒன்றுதான் உண்டு. அது விதைக்கடைக்காரர் வீடு. அதே வீட்டில் மிளகை ஊன்றி வெண்டைக்காய் பறித்திருக்கிறார்கள். வெள்ளை மாத்திரையைப் புதைத்து அவரைக்கொடி ஏற்றியிருக்கிறார்கள். நம்பாதவர்கள் நம்பவேண்டாம். அந்த வெண்டைக்காயை வாங்கித் தின்ற அக்கம்பக்கத்தார் ஒருவரும் இதுவரை குறை சொன்னதில்லை.

விதைக்கடைக்காரருக்கு ஊர் வைத்த பெயர் ‘நூத்துக்கு நூறு’. “முளைக்குமா?” என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், மூக்குக்கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, “நூத்துக்கு நூறு” என்பார். ரயில் பெட்டி மாதிரி நீளமான கடை. இரண்டு பக்கமும் தகர இழுப்பறைகள். விதையை உள்ளங்கையில் எடுத்தால் முதலில் ஊதுவார், பறக்கிறது பதர். அப்புறம் நகத்தால் கீறுவார். அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீரில் போடுவார். மிதந்தது வாசலில் காத்திருக்கும் கோழிகளுக்கு, மூழ்கியது வாடிக்கைக்காரர்களுக்கு. அவர் கடையில் புடலை விதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போன ஒரு தையல்காரர் வழியில் மழையில் நனைந்துவிட்டார். வீடு போய்ச் சேருவதற்குள் பையிலிருந்து கொடி இறங்கி முழங்காலைத் தொட்டுவிட்டது என்பார்கள். பார்த்தவர்கள் யாரும் இல்லை. ஆனால் அந்தத் தையல்காரர் அதற்குப் பிறகு பையில்லாத சட்டைதான் போட்டார்.

கதை விதைக்கடைக்காரரைப் பற்றியது இல்லை. அவர் சம்சாரத்தைப் பற்றியது.

அவள் தோட்டத்துக்குள் கால் வைக்காதவள். கல்யாணமான புதிதில் ஆசையாக ஒரு தக்காளி நாற்று வாங்கிவந்தாள். அதன் தலையில் மஞ்சளாக இரண்டு பூ. பூவே விட்டாயிற்று, காய்க்க எவ்வளவு நேரமாகப் போகிறது என்று பார்த்துப் பார்த்து வாங்கியது. விதைக்கடைக்காரர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“தொட்டியிலேயே பூ விட்டுச்சுன்னா அதுக்கு வேர் ஓட இடமில்லைன்னு அர்த்தம். சாகப்போறோம்னு தெரிஞ்சுக்கிட்டு அவசர அவசரமா பூக்குது. இதைப் போய் வாங்கிட்டு வந்திருக்கியே.”

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. “என் சம்சாரம் மாதிரி பூவைப் பார்த்து ஏமாறாதீங்க” என்று கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் ஆயுசு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். அவளும் ஆயுசு முழுக்கச் சமையல்கட்டு ஜன்னலோடு நின்றுகொண்டாள். ஜன்னல் தோட்டத்தைப் பார்த்த ஜன்னல். வருகிற ஆட்களுக்கு அவர் செடியைக் காட்டிக் காட்டிப் பேசுவதெல்லாம் உள்ளே வரும். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்பாள். வெங்காயத்துக்கு அழுகிறாளா வேறெதற்காவது அழுகிறாளா என்று யாரும் கேட்டதில்லை.

பிறகு அவருக்கு மறதி வந்தது. முதலில் சாவி மறந்தது. அடுத்து வழி. அடுத்து, சாப்பிட்டோமா இல்லையா என்பது. கடையை விற்றார்கள், அந்த ரயில் பெட்டிக்குள் இப்போது ஒருவன் செல்போன் விற்கிறான்.

ஆள் மறந்தாலும் கை மறக்கவில்லை. காலையில் எழுந்ததும் தோட்டத்தில் இறங்கிப் பாத்தி கட்டுவார். கட்டியை உடைத்து மண்ணை மாவு மாதிரி ஆக்குவார். விதைக்கு என்ன செய்வது? சமையல்கட்டில் டப்பாக்கள் இருந்தன. பொடி அரைக்க அவள் வறுத்து வைத்திருந்த மல்லியை எடுத்துச் செருப்புக்காலால் தேய்த்து இரண்டிரண்டாக உடைத்தார். மல்லியை உடைத்துத்தான் விதைக்கவேண்டும், அதில் ஒரு பிசகும் இல்லை. மிளகைப் பார்த்து வெண்டை விதை என்றார். மறதிக்கென்று டாக்டர் எழுதிக்கொடுத்த வெள்ளை மாத்திரைகளைத் தின்னாமல் சேர்த்துவைத்து அவரை என்று ஊன்றினார். அந்த மாத்திரை நல்ல மாத்திரை. மண்ணுக்கு ஞாபகம் வந்துவிட்டது. எந்தக் காலத்திலோ பிடுங்கி எறிந்த களையெல்லாம் அந்த வாரம் திரும்பி வந்தது. அவரை மட்டும் வரவில்லை.

முளைக்காத விதையை அவரால் தாங்கமுடியாது. பாத்தியைக் கிளறிப் பார்ப்பார். முகம் வெளுத்துவிடும். சட்டையை மாட்டிக்கொண்டு கேட்டைத் திறந்து கிளம்பிவிடுவார், விதை விற்றவனை நாலு கேள்வி கேட்பதற்கு. நேரே செல்போன் கடை. “இங்க விதைக்கடை வச்சிருந்தானே ஒரு அயோக்கியப்பயல், எங்கய்யா அவன்?” தன்னைத் தேடித்தான் அவர் போனார். அகப்படவில்லை.

கடைசித் தடவை அந்தக் கடைக்கும் வழி தெரியாமல் ரயில் பாதை ஓரமாக நடந்து போயிருக்கிறார். லெவல் கிராசிங் கேட்காரர் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். காலில் செருப்பில்லை. கை மட்டும் எதையோ மூடிக்கொண்டிருந்தது. பிரித்துப் பார்த்தால் நாலு மிளகு.

விஷயம் கேள்விப்பட்டு வெளியூரிலிருந்து மகள் வந்தாள்.

“அம்மா, போதும்மா. நான் ஒரு இல்லம் பார்த்து வச்சிருக்கேன். டாக்டர், நர்ஸ் எல்லாம் இருக்காங்க. சுத்தி மரம் மட்டை எல்லாம் இருக்கு.”

“மரம் மட்டையைப் பார்க்கிறதுக்கா உங்க அப்பா பொறந்தாரு?”

“நீ ஒண்டியா என்ன பண்ணுவ? கேட்டைப் பூட்டுன்னாலும் பூட்டமாட்டேங்கிற.”

“பூட்டியும் பார்த்தாச்சுடி. கம்பியைப் பிடிச்சு ஆட்டி ஆட்டிக் கையெல்லாம் ரத்தம். ‘ஐயா, யாராவது திறந்து விடுங்க’ன்னு ரோட்டுல போறவனையெல்லாம் கும்பிடறாரு. அதை நீ நின்னு பார்ப்பியா?”

மகள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு, “இன்னொரு தடவை அவர் தனியா கேட்டைத் தாண்டினாருன்னா நான் வந்து கூட்டிட்டுப் போயிடுவேன். நீ அழுதாலும் சரி” என்றாள்.

“எனக்கெங்கடி அழ நேரம்? அடுப்புல சோறு இருக்கு.”

மகளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து அவள் ஜன்னலில் நின்றாள். முளைத்தால் ஆள் வீட்டில் இருப்பார். முளைக்காவிட்டால் போய்விடுவார். பூட்டு கேட்டில் இல்லை, பாத்தியில் இருக்கிறது.

நல்ல விதையாக வாங்கிக் கொடுத்துப் பார்த்தாள். “யார் கடை விதை இது? நாள் பட்டது” என்று உறையோடு அடுத்த வீட்டுக் கோழிக்குப் போட்டார். அவருக்குத் தெரியாமல் நல்ல விதையை ஊன்றிப் பார்த்தாள். அவர்தான் விடிந்ததும் கிளறிவிடுகிறாரே, எந்த விதைக்கு அவ்வளவு பொறுமை? முளைத்து நிற்கிற செடி ஒன்றுதான் அந்தக் கையை நிறுத்தும்.

கூடையை எடுத்துக்கொண்டு நாற்றுப் பண்ணைக்குப் போனாள்.

பண்ணைக்காரனுக்குப் ‘பூவாளி’ என்று பெயர். வாயைத் திறந்தால் எதிரே நிற்கிறவர் மேல் தூறும். அவன் நின்று பேசுகிற பக்கத்துச் செடிகளுக்குத் தனியாகத் தண்ணீர் விடுகிற வழக்கமே இல்லை.

“வாங்கக்கா. தக்காளி பாருங்க, பூவோட நிக்குது. கொண்டுபோய் வச்சீங்கன்னா அடுத்த வாரம் குழம்பு.”

“பூ இல்லாததா குடு.”

“பூ இருக்கிறதைத்தான்க்கா எல்லாரும் கேக்கறாங்க.”

“கேக்கட்டும். நான் என் பங்குக்கு எப்பவோ ஏமாந்தாச்சு.”

அவள் கை தயங்கியது. காது அத்தனை வருஷம் வாங்கி வைத்திருந்ததைக் கை இன்றைக்குத்தான் கேட்டது. ஒரு தட்டைத் தள்ளி வைத்தாள். “இது ஒல்லியா உசரமா இருக்கு. வெயில் படாம வளர்ந்தது. ஒரு காத்தடிச்சா படுத்துக்கும். குட்டையா, தண்டு கனமா இருக்கிறதைக் காட்டு.”

அவன் காட்டினான். அவள் இலையைத் திருப்பினாள்.

“இது என்னடா, இலைக்கு அடியில குடித்தனம்?”

“சின்னப் பூச்சிதான்க்கா.”

“வாடகை குடுக்குதா?”

நாற்று வளர்க்கிற குழித்தட்டிலிருந்து ஒன்றை மெல்ல உருவி வேரைப் பார்த்தாள். “வேர் வெள்ளையா இருக்கணும். இது காபியில விழுந்த மாதிரி இருக்கு. வேற எடு.”

“பொண்ணு பார்க்க வர்றவங்க கூட இவ்வளவு பார்க்கமாட்டாங்கக்கா.”

“பொண்ணுன்னா வாய் இருக்கு, சொல்லிடும். இதுக்கு இல்லையே. மல்லி நாத்து இருக்கா?”

பூவாளிக்கே தூறல் நின்றுவிட்டது. “மல்லிக்கு யாருக்கா நாத்து வாங்குவாங்க?”

“நாங்க வாங்குவோம். ஒரு தட்டுல விதைச்சு வை.”

“வாரம் தப்பாம வாங்கறீங்களே, வீட்ல ஆடு ஏதும் வளர்க்கறீங்களா?” என்று அவன் ஒரு மாதம் கழித்துக் கேட்டான்.

“ஆடு இல்லைப்பா. வீட்டுக்காரர்.”

மத்தியானம் சாப்பிட்டதும் அவர் கண் அசருவார். அதுதான் அவள் நேரம். முதல் நாள் தோட்டத்துக்குள் கால் வைக்கிறபோது யாரோ கூப்பிட்டுத் திட்டப்போகிறார்கள் என்பது மாதிரி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவர் மிளகு ஊன்றிய குழியை விரலால் தேடி, மிளகை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, அங்கே வெண்டை நாற்றை வைத்தாள். காசு கொடுத்து வாங்கிய மிளகு. கழுவிக் காயவைத்தால் ஆயிற்று. அந்த வீட்டில் ஒரே மிளகு பலமுறை விதைக்கப்பட்டது. நாற்றைச் சுற்றி மண்ணை அழுத்தி, தன் காலடித் தடத்தைக் கையால் துடைத்துக்கொண்டே பின்பக்கமாக நடந்து வருவாள். இடுப்பு கழன்றுவிடும். அவர் எழுந்திருக்கிறபோது அவள் ஜன்னலில் இருப்பாள்.

“இந்தா, இங்க வந்து பாரு.”

“என்னது?”

“நேத்து போட்ட வெண்டை. நாலு இலை விட்டிருக்கு.”

“அதுக்குள்ளயா?”

“விதை அப்படி. நூத்துக்கு நூறு.”

மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறும். அன்றைக்கு இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிடுவார். கேட் சும்மா திறந்து கிடக்கும். சோறு போடுகிற கையைப் பார்த்து, “நகத்துல மண்ணு. கையைக் கழுவு” என்பார். அவள் கழுவிக்கொண்டு வந்து போடுவாள்.

அந்தப் பருவத்தில் தோட்டம் காய்த்துக் குலுங்கியது. ஊரெல்லாம் அவர் கையைப் பற்றித்தான் பேச்சு. “மூளை போனாலும் கைராசி போகலை பாரு” என்றார்கள். அவளும் ஆமாம் என்றாள்.

ஒன்று மட்டும் அவளுக்கு உறுத்தியது. அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முன்பும் கூப்பிட்டதில்லை, எப்போதும் ‘இந்தா’தான். அதனால் மறந்துவிட்டாரா இல்லையா என்று கண்டுபிடிக்க வழியில்லாமல் இருந்தது. கேட்டுப் பார்த்திருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடுமே என்று விட்டுவிட்டாள்.

மழைக்காலம் வந்தது. ஒருநாள் விடியவிடிய அடித்த மழையில் பாத்தி மண் கரைந்து ஓடிவிட்டது. மகள் அன்றைக்குத்தான் வந்திருந்தாள். சமையல்கட்டில் உட்கார்ந்து காபியைக் குடித்துக்கொண்டே, “அப்பா பரவாயில்லையேம்மா. முகம் தெளிவா இருக்கு” என்றாள். அப்போது தோட்டத்திலிருந்து சத்தம் வந்தது.

“இது விதைச்சதில்லை.”

அம்மா ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். அவர் கத்தரிப் பாத்தியில் குந்தியிருந்தார். மழை கழுவிவிட்ட இடத்தில், செடிக்கு அடியில், குழித்தட்டின் அச்சு அப்படியே கட்டியாகத் தெரிந்தது. பண்ணையில் மண்ணுக்குப் பதிலாகப் போடுகிற தேங்காய் நார்த்தூள் கட்டி. அடுத்த செடிக்கும் அதே. அதற்கடுத்ததற்கும்.

“இது விதைச்சதில்லை. யாரோ வச்சிருக்காங்க.” எழுந்தார். கொடியில் கிடந்த ஈரச் சட்டையை எடுத்தார்.

“அம்மா, சட்டையை மாட்டறாரு” என்றாள் மகள். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

அவர் விழித்திருக்கையில் அவள் தோட்டத்தில் இறங்கியது அன்றைக்குத்தான். சேற்றில் ஓடிப்போய்க் கேட்டுக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள். மூச்சு வாங்கியது.

“யாரு வச்சது இதெல்லாம்?” என்று கேட்டார்.

பொய் யோசிக்க நேரமில்லை. “நான்தான்.”

“நாத்து எங்க எடுத்தது?”

“பூவாளி பண்ணையில.”

“அவன் எடுத்துக் குடுத்ததா? நீங்களா பார்த்து எடுத்ததா?”

அவள் திரும்பிப் பார்த்தாள், பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று. கேட்தான் நின்றது.

“நான்தான் பார்த்து எடுத்தேன்” என்றாள்.

அவர் ஒரு கத்தரி நாற்றைக் கட்டியோடு தூக்கினார். தண்டை இரண்டு விரலில் உருட்டினார். இலையைத் திருப்பினார். கட்டியைக் கொஞ்சம் பிரித்து வேரைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறியது.

“குட்டை. கனத்த தண்டு. பூவில்லை. வேர் பாருங்க, பஞ்சு மாதிரி. இப்படிப் பார்த்து எடுக்க இந்த ஊர்ல ஆளே இல்லைம்மா. யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?”

“ஒருத்தர் பேசிக்கிட்டே இருப்பாரு. காதுல விழுந்தது.”

“கெட்டிக்காரரா இருப்பாரு.”

“அப்படித்தான் அவரும் சொல்லுவாரு.”

அவர் சிரித்தார். சட்டையின் ஒரு கைதான் மாட்டியிருந்தது. இன்னொரு கை ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. “எனக்கு ஒரு கடை இருக்கு. விதைக்கடை. நல்ல ஆள் கிடைக்காம திண்டாடறேன். வேலைக்கு வர்றீங்களா?”

“வீட்டுல கேக்கணுமே.”

“வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லமாட்டாரே?”

“முன்னாடி சொல்லுவாரு. இப்ப ஒண்ணும் சொல்றதில்லை.”

“எங்க வீட்லயும் ஒருத்தி இருக்கா.” அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நல்லவதான். செடி பார்க்கத்தான் தெரியாது. பூவைப் பார்த்து வாங்கிட்டு வருவா. நீங்க வேலைக்கு வர்றது அவளுக்குத் தெரியவேண்டாம். பொம்பளை ஆள் வச்சிருக்கேன்னு தெரிஞ்சா எனக்குச் சோறு போடமாட்டா.”

“போடுவாங்க” என்றாள் அவள்.

“காலையில வந்துடுங்க. நான் கடையிலதான் இருப்பேன்.”

தொங்கிய சட்டையை அவரே கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, நாற்றை அதன் குழியிலேயே வைத்து மண்ணை அணைத்தார்.

மகள் சமையல்கட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அம்மாவின் காலில் சேற்றைக் கழுவத் தண்ணீர் ஊற்றினாள்.

“நீ யாருன்னு சொல்லும்மா அவர்கிட்ட.”

“சொன்னா?”

“தெரிஞ்சுக்குவார்ல?”

“நாளைக்கு மறுபடி சொல்லணும். நாளன்னிக்கும் சொல்லணும். சம்சாரம் சொன்னா நிக்கமாட்டார்டி. சம்சாரம் சொல்லி என்னைக்கு நின்னிருக்காரு? வேலைக்கு ஆள் வருதுன்னா முதலாளி கடையை விட்டு நகரமாட்டார்.” மறுகாலை நீட்டினாள். “ஊத்து. இந்தக் காலுக்கும் ஊத்து.”

மகள் இல்லத்தைப் பற்றிப் பேசாமல் ஊருக்குப் போனாள்.

மறுநாள் காலையில் அவருக்குக் காபி கொடுத்துவிட்டு, அவள் முகம் கழுவி வேறு சேலை மாற்றிக்கொண்டு, சமையல்கட்டுக் கதவு வழியாக வெளியே இறங்கி, பக்கத்துச் சந்தில் சுற்றிப்போய், முன்பக்கக் கேட்டைத் தட்டினாள். அவர் உள்ளே, அதுதான் கடை என்பது மாதிரி, நாற்காலி போட்டுக் காத்திருந்தார்.

“வாங்கம்மா. காபி சாப்பிட்டீங்களா?”

“ஆச்சு, முதலாளி.”

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். பால்காரர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டார். விதைக்கடைக்காரர் கேட்டைத் தாண்டுவதில்லை. ஆள் வருகிற நேரத்தில் முதலாளி இல்லாமல் இருக்கலாமா? மறைத்து வைக்கவேண்டிய அவசியம் போய்விட்டது. பூவாளியின் தட்டுகளை அவள் வெளிப்படையாகவே கொண்டுவருவாள், அவர் ஒவ்வொரு நாற்றாக எடுத்துப் பார்த்து, “பேஷ். பார்த்து எடுத்திருக்கீங்க” என்பார். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாங்காத பேரையெல்லாம் அந்த மழைக்காலத்தில் வாங்கினாள். வாங்கிக் கொண்டுபோய் யாரிடம் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

ஒருநாள் தட்டின் மூலையில் பூவாளி ஒரு தக்காளி நாற்றைச் சேர்த்து அனுப்பிவிட்டான். மெலிந்த தண்டு, பழுப்பு வேர், தலையில் மஞ்சளாக இரண்டு பூ. அவள் பார்த்துப் பிடுங்கி எறிவதற்குள் அவர் எடுத்துவிட்டார். சிரிக்கப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள். அவர் அதைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பார்த்தார்.

“இதை எறிஞ்சிடாதீங்க” என்றார். “தனியா எடுத்து வைங்க.”

“பூ விட்டிருக்கே, முதலாளி. காய்க்காதே.”

“காய்க்காது. எனக்குத் தெரியாதா?” சமையல்கட்டு ஜன்னலைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. “எங்க வீட்ல அவளுக்குப் பூ இருந்தாத்தான் பிடிக்கும். காலையிலிருந்து ஆளைக் காணோம். எங்க போனான்னு தெரியலை. வந்தா குடுத்துடுங்க. நான் குடுத்தேன்னு சொல்லவேண்டாம்.”

“வந்துடுவாங்க, முதலாளி.”

மத்தியானம் அவர் கண் அசந்ததும் அவள் கேட்டைச் சாத்திவிட்டு, சந்து வழியாகச் சுற்றி வந்து, சமையல்கட்டுக் கதவு வழியாக வீட்டுக்குள் போனாள். நாற்றை ஒரு பழைய டம்ளரில் மண் போட்டு ஜன்னலில் வைத்தாள்.

விதைக்கடைக்காரர் கைபட்ட செடிகளைப் பற்றி எத்தனையோ கதை உண்டு. இதையும் சிலர் கொத்துக் கொத்தாகக் காய்த்தது என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். காய்க்கவில்லை. இரண்டு பூவும் உதிர்ந்தன, பிறகு இலை. குச்சி மட்டும் நின்றது. அவள் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் இருந்தாள்.